கந்தர் ஸ்பிரிங்

என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், துருப்பிடித்த குறடுகளுக்குக் கீழே, ஒரு பழைய டைப்ரைட்டர் ரிப்பன் சுருள் கிடக்கிறது. கறுப்புத் தட்டில் சுற்றிய மெல்லிய பிலிம். இந்த வகை ரிப்பனை ஒருமுறைதான் பாவிக்கலாம். எழுத்து விழும் இடத்தில் கரி முழுக்கக் கழன்று தாளுக்குப் போய்விடும். பிலிமில் அந்த எழுத்தின் வடிவம் கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுத்துக்கொண்டு போனால், அந்த இயந்திரத்தில் அடித்த எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாக வாசித்துவிடலாம். இரகசியம் உள்ளவர்கள் பாவிக்கக்கூடாத ரிப்பன் அது. மற்றவர்களின் இரகசியத்தை எழுதுகிறவர்கள் தொடவே கூடாது. சென்ற கிழமை சமையலறைக் குழாய் ஒழுகியது என்று குறடு தேடப் போனேன், சுருள் அகப்பட்டது. குழாய் இன்னும் ஒழுகுகிறது. நான் சுருளை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், முப்பத்துநாலு வயதில் ஓக்லண்டுக்கு வந்து சேர்ந்தேன். கொழும்பில் ஒன்பது வருடம் டைப்ரைட்டர் திருத்தியவன் என்று சொன்னதும் மவுண்ட் வெல்லிங்டனில் அலுவலக இயந்திரங்கள் பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்துவிட்டது. ஒடாஹுஹுவில் ஒரு மலேசியத் தமிழ்ப் பையனோடு வீட்டைப் பங்குபோட்டு இருந்தேன். அவன் மருந்துக்கடையில் வேலை. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நான் பயந்தாங்கொள்ளி. அந்த நாட்களில் நாய்க்குப் பயம், தானாகத் திறக்கும் கதவுக்குப் பயம், ஜன்னல் வைத்த கடித உறைக்குப் பயம். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் ஓடத் தொடங்கும். பகிடி பகிடியாக வரும். கடையில் எல்லோரும் என்னை நல்ல கலகலப்பான ஆள் என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் நான் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து மணிவரை இடைவிடாமல் பயந்துகொண்டிருந்தேன்.

சுவீடன் அம்மா என்று நான் மனதுக்குள் பெயர் வைத்த எழுத்தாளர், டைப்ரைட்டர் பழுது என்று கடைக்கு அழைத்திருந்தார். வீடு பக்குரங்காவில், கடற்கழி ஓரம். தண்ணீர் வற்றிய நேரம் அவருடைய சமையலறை ஜன்னலுக்கு வெளியே சேறும் கண்டல் பற்றையும் மட்டும்தான் தெரியும். எழுபது வயதைத் தாண்டிய, நெடிய உருவம். செத்துப்போன கணவரின் கம்பளிச் சட்டை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. நாங்கள் பேசியது ஆங்கிலம், அது இரண்டு பேருக்கும் இரவல் பாஷை. ஆனால் இத்தனை வருடம் நினைத்து நினைத்து, என் நினைவில் அவர் இப்போது சுத்த யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன். கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு கிழமையாச்சு. உங்கட கடைக்குக் கால் இல்லையோ?"

"கால் இருக்கு மேடம், றோட்டுத்தான் பிழை. நான் ஒடாஹுஹுப் பக்கம் போயிட்டன்."

அவர் சிரிக்கவில்லை. முதல் நாளே அவரைக் கண்டு பயந்தது அதனால்தான்.

இயந்திரத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. சுவீடன் எழுத்துகள் சிலவற்றுக்குத் தலையில் புள்ளியும் வட்டமும் இருக்கும். அவை அரைகுறையாக விழுந்தன. உள்ளே கிரீஸ் இறுகிப்போயிருந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, இருபது நிமிடத்தில் முடித்தேன். பிறகு தாளைச் செருகிச் சோதித்துப் பார்த்தேன். டைப்ரைட்டர் திருத்துகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு சோதனை வரி உண்டு. என் முதலாளி காலநிலையை அடிப்பார். நான் ஆங்கில எழுத்தில் THAMBI என்று அடிப்பேன். இரண்டு வரி நிறைய, வேறு ஒன்றும் இல்லாமல், தம்பி தம்பி தம்பி. ஏன் என்று நானே யோசித்ததில்லை. விரல் அங்கேதான் போகும். சுவீடன் அம்மா தாளை உருவி எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது ஆர்?"

"என்ர சகோதரம், மேடம். எனக்கு இளையவன்."

"எங்க இருக்கிறார்?"

"அரசாங்கத்தின்ர விருந்தாளி. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம்."

அவர் என்னை நகரச் சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். புதிய தாள் ஒன்றைச் செருகினார். "சொல்லும். மிஷின் வேலை செய்யுதோ எண்டு பாக்கவேணும்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சுவீடிஷில் அடித்துக்கொண்டு போனார். நான் சொன்னது, அம்மாவுக்கு எழுதிய அதே கதை: நான் இந்த நாட்டுக்கு விமானம் ஏறத் தம்பியோடு கொழும்புக்குப் போகும் வழியில், வவுனியாவுக்குக் கிட்ட பஸ் நின்றது. தம்பி தேத்தண்ணி குடிக்க இறங்கினான், ஆமிக்காரர் கடைக்குள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நான் பஸ்ஸில் இருந்தேன், எனக்குத் தெரியாது. அவன் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவான் என்பதை வைத்து ஒரு பகிடியும் விட்டேன். டைப்ரைட்டரின் மணி அடித்து, உருளை வண்டி திரும்பி, வரி முடிந்தது. அவர் விரலை எடுத்தார்.

"இன்னொருக்கா. பகிடி இல்லாமல்."

அன்றைக்கு நான் வேறு வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டேன். ஆனால் பத்து நாளில் கடைக்குத் தொலைபேசி. தாளின் ஓரம் பிடிக்கிற பகுதி இறுகிவிட்டதாம். போனால் ஒன்றும் இறுகவில்லை. அடுத்த தடவை மணி அடிக்கவில்லையாம். மணி கணீரென்று அடித்தது. எல்லோரையும் "மேட்" என்று கூப்பிடுகிற முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்: "மேட், அந்த மனுசிக்கு மிஷின் பழுதில்லை, கதைக்க ஆள் இல்லாத பழுது." அவருக்குத் தெரிந்தது பாதி. ஆள் இல்லாமல் கூப்பிடவில்லை. கதை தேவைப்பட்டது.

இடையில் தன்னுடைய கதையையும் சொன்னார், கோப்பி கொதிக்கும் நேரத்தில், வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல. சுவீடனின் வடக்கே, மரம் அறுக்கும் ஆலையைச் சுற்றி முளைத்த ஊர். அப்பா பலகை அடுக்குபவர், அம்மா ஊர் வீடுகளுக்குத் துணி தோய்ப்பவர். இருபத்துநாலு வயதில் எழுதிய முதல் நாடகத்தில் நான்கு பெண்கள் ஒரு படுக்கை விரிப்பை ஒரு அங்கம் முழுக்கப் பிழிகிறார்கள். அதற்குள் ஒரு கல்யாணம் பேசி முடிந்து, முறிந்தும் விடுகிறது. யாரும் மேடையேற்றப் பயந்தார்களாம். ஏற்றிய பிறகு இரண்டு குளிர்காலம் ஓடியதாம். பிறகு நாவல்கள். இரண்டாவது நாவல்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது. அது அவருடைய தங்கையின் கதை. ஆலை முதலாளியின் மகனால் பிள்ளை உண்டாகி, பெற்று, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்ட கதை. தலைமுடியின் நிறத்தையும் ஆற்றின் பெயரையும் மாற்றினாராம். ஊரில் எல்லோரும் ஒரே நாளில் அடையாளம் கண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தங்கைக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் உடைக்கப்படாமல் திரும்பி வந்தது. படுக்கைத் துணி அலுமாரியில், தலையணை உறைகளுக்கு நடுவே, அந்தக் கட்டைக் காட்டினார்.

"கவலையா இல்லையா மேடம்?"

"நல்ல புத்தகம்" என்றார். கோப்பியை ஊற்றினார். "அதுதான் பிரச்சினை. கூடாத புத்தகம் எண்டால் மன்னிப்புக் கேட்டிருப்பன்."

கப்பல் இயந்திரக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஓக்லண்டுக்கு வந்தவர், அந்த மேசையிலிருந்தே முப்பது வருடம் சுவீடிஷில் எழுதினார், சுற்றி அந்தப் பாஷையை அறிந்த ஒரு உயிர் இல்லாமல். சுவீடனில் விமர்சகர் ஒருவர், இவருடைய பாத்திரங்கள் செத்துப்போன தாத்தாக்கள் மாதிரிப் பேசுகிறார்கள் என்று எழுதிவிட்டாராம். "என்ர பாஷை குளிர்ப்பெட்டியில கிடக்குது. பழுதாகேல்லை. ஆனால் புதுசும் இல்லை" என்பார். பதினைந்து வருடமாக அவருடைய ஒரு நாடகமும் மேடையேறவில்லை. இப்போது ஸ்டொக்ஹோமில் ஒரு நாடகக் குழு கேட்டிருந்தது. ஜூன் முடிவுக்குள் கைப்பிரதி போய்ச் சேரவேண்டும். விமானத்தில் ஏறும் உடம்பு இல்லை என்று அவர் எழுதியதற்கு, அவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள்: முதல் காட்சி அன்று தொலைபேசியில் அழைத்து, ரிசீவரை மேடை ஓரத்தில் வைப்பார்கள், கடைசி அங்கத்தை அவர் பக்குரங்காவில் இருந்து கேட்கலாம். அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டாவது தரம் நான் சொன்ன கதையில் நான் நித்திரை. என் குறட்டையில் பஸ்ஸே அதிர்ந்தது என்றேன். "இன்னொருக்கா" என்றார். மூன்றாவது தரம், ஏப்ரல் மாதம், வெளியே மழை. ஏனோ அன்றைக்கு வாய் ஓடவில்லை.

எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள் என்றேன். என் சட்டைப் பைக்குள் பாஸ்போர்ட், விசா. தம்பிக்குப் பத்தொன்பது வயது. அவனுடைய அடையாள அட்டையை ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான், இவன் உன்னோடு வந்தவனா என்று. நான் இல்லை என்றேன். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நானும் மாட்டிவிடுவேன் என்று தெரிந்து, தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வெளிக்கிட்டபோது அவனுடைய பை என் காலடியில் கிடந்தது. அதற்குள் அம்மா பத்திரிகைத்தாளில் சுற்றித் தந்த புட்டுப் பார்சல், என் பைக்குள் என்னுடையது. அநுராதபுரம் தாண்டியதும் எனக்குப் பசித்தது.

அவர் விரல்கள் நின்றன. "ரெண்டையும் சாப்பிட்டீரோ?"

"ஓம்."

அவர் மிச்சத்தை அடித்தார். "இன்னொருக்கா" என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ரிப்பன் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார். அது உண்மையான பழுது. புதிய சுருளைப் போட்டுவிட்டு, பழையதைக் குப்பையில் எறிய எடுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். பிலிமின் நுனி வெளியே தொங்கியது. பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். விளங்காத எழுத்துகள், புள்ளிகள், வட்டங்கள். இழுத்தேன். அவற்றுக்கு நடுவில், தெளிவாக, THAMBI. இன்னும் இழுத்தேன். VAVUNIYA. மறுபடி THAMBI. இருக்கை, மடி, கியர்த் தண்டு எல்லாம் கறுத்த நாடா. ஒரு சாண் பிலிமுக்குள் தம்பியை ஐந்து இடத்தில் கண்டேன். தங்கைக்காவது தலைமுடியின் நிறத்தை மாற்றியிருந்தார். எனக்கு அதுவும் இல்லை.

அந்த அரை மணித்தியாலத்தில் என் மூளை ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஸ்டொக்ஹோமில் என் பெரியம்மாவின் மகன் இருக்கிறான். ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். நாடகம் என்ற சாமானைத் தன் சீவியத்தில் பார்த்தறியாதவன். கோயில் திருவிழாவில் கூத்து நடந்தால் கச்சான் கடையில் நிற்பான். அவன் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்து என் கதையைப் பார்ப்பதையும், அங்கிருந்தே பெரியம்மாவுக்கு எழுதுவதையும், பெரியம்மா வேலிக்கு மேலால் என் அம்மாவைக் கூப்பிடுவதையும் நான் வரிசையாகக் கண்டேன். தேத்தண்ணி குடிக்க இறங்கினவன் என்று நம்பிக்கொண்டு அம்மா ஒவ்வொரு வெள்ளியும் நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே இருக்கிறான் என்பதை அவர் தாங்கிக்கொண்டார். நான் இல்லை என்று சொன்னதைத் தாங்கமாட்டார்.

பிலிமைச் சுற்றிக் கருவிப் பெட்டிக்குள் திணித்துவிட்டு, திரும்ப வீட்டுக்குள் போனேன். "மேடம், ஒரு சத்தம் கேட்டது. மிஷினை ஒருக்காத் திறந்து பாக்கிறன்" என்றேன். திறந்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது, நான் திருத்தியது அல்லவா. "அடடா" என்றேன். "கந்தர் ஸ்பிரிங் போயிட்டுது."

கந்தர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எந்தச் சைக்கிளைக் கொண்டுபோனாலும் "பார்ட் கொழும்பில இருந்து வரவேணும்" என்பார். மூன்று மாதம் அவரே அதை ஓடித் திரிவார். எனக்கு ஒரு பொய் அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில், பூமிப்பந்தின் மறுபக்கத்தில், அந்த மனுசன்தான் வந்து கைகொடுத்தார்.

"என்ன ஸ்பிரிங்?"

"கந்தர், மேடம். ஐரோப்பிய மொடலுக்கு மட்டும் உள்ளது. மேற்கு ஜெர்மனியில இருந்து வரவேணும்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்ப கொண்டுபோம்" என்றார். நான் இயந்திரத்தைக் காரில் வைத்து, பதற்றத்தில் அதற்கு இருக்கைப் பட்டியும் போட்டுவிட்டேன். கடையில் முதலாளி கந்தரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு ஆணி வருவதற்கும் அனுமதிப் பத்திரம் தேவைப்பட்ட காலம்; "அப்ப அது கிறிஸ்மஸுக்குத்தான், மேட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இயந்திரத்தை என் மேசைக்குக் கீழே, ஒரு சாக்கை மூடி வைத்தேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் தொலைபேசியில் கேட்பார்: "கந்தர் வந்துட்டாரோ?" நான் கப்பலில் வருகிறது என்பேன். அடுத்த கிழமை சிட்னியில் இறக்கிவிட்டார்கள் என்பேன். வேலைநிறுத்தம் என்பேன். வாடகைக்கு ஒரு இயந்திரம் தரட்டுமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். சுவீடன் எழுத்து இல்லாத இயந்திரத்தில் சுவீடிஷ் எழுதச் சொல்கிறீரோ என்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். பென்சிலால் எழுதிப் பார்த்ததாக அந்த அம்மா என்னிடம் ஒருதரம் சொன்னார். கை நடுக்கத்தில் எழுதியது மறுநாள் அவருக்கே விளங்கவில்லையாம். அதைக் கேட்டுவிட்டு நான் தொலைபேசியில் ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று நினைவில்லை. நினைவில்லாதது நல்லது.

வீட்டில் மருந்துக்கடைப் பையன் கவனித்துவிட்டான். "என்னாண்ணே, ரெண்டு வாரமா சோறே எறங்க மாட்டேங்குது. வயிறா?"

"ஓம், கேஸ்."

"கேஸ்னா நான் மருந்து தர்றேன். பயம்னா எங்க கடையில ஸ்டாக் இல்லண்ணே."

ஏழு கிழமை. ஜூன் நடுவில் ஒரு திங்கட்கிழமை தொலைபேசி வரவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதையும் எழுதிவிடத்தான் வேண்டும். புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் கடைக்கு அழைத்து, அந்த இயந்திரத்தை இனித் திருத்த வேண்டாம் என்று சொன்னார். பாரிசவாதம். வலது கை போய்விட்டது. பேச்சு மெதுவாக வருகிறது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்க ஏலாது என்று சண்டை பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் சாக்கை எடுத்தேன். இயந்திரத்தின் மேல் ஒரு தூசிகூட இல்லை. அன்று மத்தியானமே கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது.

"வந்துட்டாரோ?" என்றார்.

"வந்துட்டார் மேடம்."

நான்தான் கேட்டேன், நான் அடித்துத் தரட்டுமா என்று. ஒவ்வொரு சனியும் ஞாயிறும் பின்னேரம், ஐந்து கிழமை. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லுவார். தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து வந்தால் இடது கையால் நெற்றியில் இருதரம் தட்டுவார், வட்டம் வைத்ததற்கு ஒருதரம். நான் அடிப்பேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம். விளங்காத பாஷையில் என்னுடைய கதையை என்னுடைய விரலாலேயே அடிக்கிறேன் என்பது மட்டும் தெரியும். தம்பி வரும்போது எழுத்துச் சொல்ல மாட்டார். "உம்மட வரி" என்பார். நான் அடித்துவிடுவேன்.

மூன்றாவது கிழமை, அவர் சொல்லிக்கொண்டே போனார்: கே. ஏ. என். டி. நான் அடித்துக்கொண்டே போனேன். ஏ. ஆர். அடித்த பிறகுதான் தாளைப் பார்த்தேன். KANDAR.

வாய் திறந்தது, ஒரு பகிடியும் வரவில்லை. அவர் கண்டல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மிஷினை நானே ரெண்டுதரம் வெண்ணெய்க் கத்தியால திறந்து பாத்திருக்கிறன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "அதுக்குள்ள அப்பிடி ஒரு ஸ்பிரிங் இல்லை."

"அப்ப ஏன் கடையில சொல்லேல்லை?"

"பயந்த மனுசன் எவ்வளவு காலம் ஒரு பொய்யைத் தூக்கித் திரிவான் எண்டு எனக்குத் தெரியவேணும். மூண்டாம் அங்கத்துக்கு." மடியில் கிடந்த கையைப் பார்த்தார். "நாலு கிழமை எண்டு நினைச்சன். நீர் ஏழு எடுத்திட்டீர். எனக்கு ஆறுதான் இருந்தது."

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் தம்பியை எடுத்தீர்கள், என் புட்டை எடுத்தீர்கள், என் பொய்யையும் விடவில்லையே என்று கத்தினேன். தம்பியை வெட்டுங்கள், வேறு பெயர் போடுங்கள் என்றேன். அவர் மடியில் கிடந்த கையை மற்றக் கையால் தூக்கி மேசையில் வைத்தார்.

"இதால ஏலாது. கண்ணும் மங்கல். நீர்தான் அடிக்கிறீர். விருப்பமானதை அடியும். நான் பாக்கப்போறேல்லை."

அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த எழுத்தைச் சொன்னார். நான் எதையும் அடித்திருக்கலாம். தேத்தண்ணிக் கடையில் அவனை இறக்கி விட்டிருக்கலாம். கடைசி ஞாயிறு, மூன்று எழுத்துச் சொன்னார். என், ஈ, ஜே. என்ன சொல் என்று கேட்டேன். "இல்லை" என்றார். எனக்குப் பதில் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அதுதான் அந்தச் சொல். என் விரல் சாவிக்கு மேலே நின்றது. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, சேறு மெல்ல மறைந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் அடித்தேன்: NEJ. மூன்று எழுத்தையும் அவர் சொன்னபடியே.

கைப்பிரதி ஒரு மாதம் பிந்திப் போனது. குழு வேறு நாடகத்தைத் தொடங்கிவிட்டதால், அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த பருவத்துக்கு முன்பே சுவீடன் அம்மா போய்விட்டார். செத்தவீட்டில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அலுமாரியில் இருந்த கடிதக் கட்டுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். கைப்பிரதியோடு வைத்த கடிதத்தில் அந்த அம்மா என் இலக்கத்தையும் எழுதச் சொல்லியிருந்தார். அதையும் நானே அடித்திருந்தேன். வாக்குக் கொடுத்திருந்தோம், கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, நீங்கள் கேட்கிறீர்களா என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ரிசீவரை எங்கோ வைத்துவிட்டாள்.

"யாருண்ணே காலங்காத்தால?" மருந்துக்கடைப் பையன் ரொட்டியோடு வந்து நின்றான். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

மரத்தளத்தில் காலடிகள். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு ஒருவன் "கந்தர்" என்றான், கனத்த சுவீடன் நாக்கால். நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். நான் என் சீவியத்தில் விட்ட பகிடிகளில் அவ்வளவு பேர் சிரித்தது அதற்கு மட்டும்தான். பிறகு ஒரு கேள்வி. பிறகு "நெய்" என்று அந்தச் சொல். எழுத்தில்தான் நான் அறிந்திருந்தேன், ஒலியில் அன்றுதான் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. தொலைபேசி அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, மிகக் கிட்டத்தில், பத்திரிகைத்தாள் பிரிகிற சரசரப்பு. யாரோ சாப்பிடுகிற சத்தம். மறுபடி தாள் பிரிகிற சரசரப்பு. இரண்டாவது பார்சல்.

பையன் என் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக எடுத்துத் தொலைபேசியில் வைத்தான். "உட்காருங்கண்ணே" என்றான்.

பெரியம்மாவின் மகன் அந்த நாடகத்தைப் பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்துக் கேட்டேன், "நாடகமோ? எங்க? எப்ப?" என்றான். ஏழு கிழமை நான் பயந்தது அவனுக்கு. அம்மா, தேத்தண்ணியை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். தம்பி இரண்டு வருடம் உள்ளே மறியலில் இருந்துவிட்டு வெளியே வந்து, இப்போது டொரொன்டோவில் பேரப்பிள்ளை பார்க்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். முழங்கால், கிரிக்கெட், கொலஸ்ட்ரோல். பஸ்ஸைப் பற்றி அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் நன்றாகச் சிரிக்க வைக்கிறேன் என்று அவனுடைய மனைவி சொல்வாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவன் முதல்முறையாக ஓக்லண்டுக்கு வருகிறான்.

நேற்று என் மகள் மேசையில் சுருளைப் பார்த்துவிட்டு, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும், அது என்ன சொல்கிறது என்று ஒரு நொடியில் வந்துவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அது வேலை செய்யாது, பிள்ளை. அதுக்கு ஒரு ஸ்பிரிங் வரவேணும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வயது எழுபதைத் தாண்டியும், கந்தர் என்னைக் கைவிடவில்லை.

இன்று காலை சுருளைத் துடைத்து, தம்பிக்கு ஒதுக்கிய அறையில், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். நுனியைக் கொஞ்சம் இழுத்து, THAMBI என்று வருகிற இடம் மேலே தெரியும்படி. எதைக் கண்டாலும் கையில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு. வெளிச்சத்துக்குப் பிடிப்பான். "அண்ணை, உது என்ன?" என்று கேட்பான்.

சமையலறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருக்க, நான் தனியாக நின்று அதற்குரிய பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் பகிடி வந்தது. இரண்டாவது தரமும் வந்தது. இன்னும் நாலு நாள் இருக்கிறது. நான் குழாயை மூடப் போகவில்லை. மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்: எல்லாரையும் இறக்கி வரிசையில விட்டாங்கள்.